நீல வெள்ளிக்குப் பெராக்சைடு பகையல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் அறிவியல் பக்கத்தில் வெள்ளி நானோ துகள் தயாரிக்கும் செய்முறை வெளியாகியிருந்தது. ஆய்வகத்துக்குள் இறங்கித் தமிழில் எழுதுவது அபூர்வம் என்பதால் முதலில் நன்றி. ஆனால் அதில் மூன்று வரிகள் திருத்தப்பட வேண்டியவை. ‘துகளின் நிறம் அதன் பருமனைப் பொறுத்தது’ என்பது பாதி உண்மை. ‘ஹைட்ரஜன் பெராக்சைடு வெள்ளியைக் கரைத்துவிடும், எனவே தவிர்க்கவும்’ என்பதில், தவிர்க்கச் சொன்ன முடிவு முழுத் தவறு. ‘ஆர்.ஓ. தண்ணீர் போதும்’ என்பதோ, அதை நம்பிச் செய்கிற மாணவரின் ஒரு நாள் உழைப்பைத் தொட்டியில் ஊற்ற வைக்கும் வரி. புராஜெக்ட் காலம் நெருங்குவதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் விளக்கங்களை வெட்டிக்கொள்ளுங்கள்; அளவுகளை வெட்ட வேண்டாம்.

முதலில் நிறம். 10 முதல் 20 நானோமீட்டர் வரையுள்ள வெள்ளிக் கோளம் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை விழுங்குகிறது. அதனால் கரைசல் மஞ்சள். கோளத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நீலம் வந்துவிடும் என்று கட்டுரை சொல்வது நடக்காது. 100 நானோமீட்டர் கோளத்தின் உச்சம், அதாவது அது மிகுதியாக விழுங்கும் அலைநீளம், 500-ஐ நெருங்கும்தான், ஆனால் கரைசல் பால் கலந்தாற்போல் கலங்கிப்போகும். தெளிந்த நீலம் வேண்டுமென்றால் உருவமே மாற வேண்டும். பக்கம் 50 நானோமீட்டர், தடிமன் 5 நானோமீட்டர் என்று ஒரு முக்கோணத் தகட்டை எண்ணிப் பாருங்கள். தடிமன் முழுவதற்கும் வெள்ளி அணுக்கள் ஏறத்தாழ 21 அடுக்குதான். இந்தத் தகடு 650, 700 நானோமீட்டர் பக்கமுள்ள சிவப்பை விழுங்குவதால் கரைசல் நீலமாகத் தெரிகிறது. இதே தகட்டின் மூன்று முனைகளையும் மழுக்கிக்கொண்டே வந்தால், வெள்ளியின் அளவு பெரிதாகக் குறையாமலே உச்சம் குறைந்த அலைநீளத்துக்கு நகரும். நீலம் ஊதாவாகி, சிவந்து, ஆரஞ்சுக்கு வரும். முனையில் ஒரு சிறு பங்கு அணுக்கள் போனதைக் கண்ணால் பார்க்க முடிகிற ஆய்வு வேறு அதிகம் இல்லை.

முனையை மழுக்குவதற்குத்தான் எட்சிங், அதாவது மருந்தால் அரித்தெடுப்பது, வேண்டும். தமிழில் அரிப்பு என்று சொன்னதுமே துரு, உப்புக்காற்று, ஓட்டை விழுந்த குழாய் என்று கேடாகவே மனம் போகிறது. எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. பி.சி.பி. போர்டை பெரிக் குளோரைடில் முக்கி வேண்டாத செம்பை அரித்தெடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. டிஜிட்டல் வருவதற்கு முந்தைய ஸ்டுடியோக்காரர்கள் வெள்ளியையே அரித்திருக்கிறார்கள். அளவு மீறிக் கறுத்துப்போன நெகட்டிவை பொட்டாசியம் பெரிசயனைடும் ஹைப்போவும் (சோடியம் தயோசல்பேட்) கலந்த ‘ஃபார்மர் ரிட்யூசர்’ கரைசலில் காட்டி, வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளிச்சம் ஏற்றுவார்கள். கவனித்தால் அங்கே வேலை செய்வது ஒரு மருந்தல்ல, இரண்டு. பெரிசயனைடு வெள்ளி அணுவிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது. அயனியான வெள்ளியை ஹைப்போ கட்டி இழுத்துப் போகிறது. நானோ துகளிலும் இதே ஏற்பாடுதான். பிடுங்குவது பெராக்சைடு, அல்லது கரைந்திருக்கும் காற்றின் ஆக்சிஜன். இழுத்துப் போவது குளோரைடு, புரோமைடு, அம்மோனியா. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அரிப்பு மந்தமாகும். இரண்டும் மிகுந்தால் துகளே மிஞ்சாது.

இழுத்துப் போகிறவர் எவ்வளவு முக்கியம் என்பதை மின்முனை அழுத்த எண்களே சொல்லும். வெறும் வெள்ளி அயனிக்கும் வெள்ளிக்கும் இடையே +0.80 வோல்ட். அம்மோனியா கூட இருந்தால் +0.37, குளோரைடு இருந்தால் +0.22, புரோமைடு +0.07, அயோடைடு −0.15. எண் இறங்க இறங்க வெள்ளியிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிப்பது எளிது. உயர்ந்த உலோகம் என்று பேரெடுத்த வெள்ளி, புரோமைடு பக்கத்தில் நின்றால் வெறும் காற்றுக்கே இளகிவிடுகிறது. ‘உப்பு பட்டால் நானோ வெள்ளி கெடும்’ என்று ஆய்வகங்களில் பொதுவாகச் சொல்வதற்கு அடிப்படை இதுவே.

எங்கே அரிப்பது என்பதைத் தீர்மானிக்க மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: காவல்காரர். படிகத்தின் முகங்களை அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தை வைத்து 111, 100 என்று எண்ணால் அழைப்பார்கள். சிட்ரேட், தகட்டின் அகன்ற முகமான 111 முகத்தில் நன்றாக ஒட்டும். பி.வி.பி. என்ற பாலிமர் 100 முகத்தை விரும்பும். காவல் உள்ள முகம் தப்பிக்கும், இல்லாத இடம் அரிபடும். அணுக்களின் நிலையும் காரணம். வெள்ளிப் படிகத்தின் உள்ளே இருக்கிற அணுவுக்கு 12 அண்டை அணுக்கள். 111 முகத்தில் இருப்பதற்கு 9. 100 முகத்தில் 8. விளிம்பிலும் முனையிலும் அதைவிடக் குறைவு. பிடிமானம் குறைந்த முனை அணுதான் முதலில் கழன்று வரும். ஆகவே முக்கோணம் வட்டத் தகடாவது தற்செயல் இல்லை. தடிமன் அப்படியே இருக்க, ஓரம் மட்டும் தேய்கிறது.

இனி பெராக்சைடு. வெள்ளி அயனிக்கு எலெக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கும் மருந்து போரோஹைட்ரைடு. சில்வர் நைட்ரேட்டில் அது விழுந்ததும் எல்லா வகை வித்துகளும், அதாவது துகள் வளரத் தொடங்கும் நுண்படிகங்களும், ஒரே நேரத்தில் முளைக்கின்றன: ஒற்றைப் படிகம், பல முகம் ஒட்டிய இரட்டைப் படிகம், நடுவில் அடுக்குப் பிசகு உள்ள தட்டை வித்து. பெராக்சைடு இல்லாவிட்டால் எல்லாமே கலந்து வளர்ந்து மஞ்சளில் நிற்கும். பெராக்சைடு இருந்தால் முளைத்ததெல்லாம் திரும்பக் கரையத் தொடங்குகிறது. அகன்ற முகத்தில் சிட்ரேட் காவல் உள்ள தட்டை வித்துகளே தாக்குப்பிடிக்கின்றன. மற்றவை கரைந்து விட்ட வெள்ளி, போரோஹைட்ரைடால் மீண்டும் உலோகமாகி, பிழைத்த தகடுகளின் ஓரத்தில் போய் ஒட்டுகிறது. பயிரில் களையெடுத்து, அந்தக் களையையே அடியில் உரமாகப் போடுவது போல. கட்டுரையாளர் தவிர்க்கச் சொன்ன மருந்துதான் இந்தச் செய்முறையில் களையெடுக்கும் ஆள்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு 2001இல் மஞ்சள் கோளங்களை டியூப் லைட் வெளிச்சத்தில் பல மணி நேரம் வைத்து நீல முக்கோணங்களாக மாற்றியது. 335, 470, 670 நானோமீட்டரை ஒட்டி மூன்று உச்சங்கள் வந்தன. 2005இல் அதே ஆய்வகம் பெராக்சைடைச் சேர்த்து, வெளிச்சமே இல்லாமல் அரை மணியில் அதைச் செய்தது. 2011இல் கலிபோர்னியா ரிவர்சைடில் யாடாங் யின் குழு ஒவ்வொரு மருந்தாக நீக்கிப் பார்த்து, சிட்ரேட்டுக்குப் பதில் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில கார்பாக்சிலேட்டுகளும் போதும், பெராக்சைடுதான் முக்கியம் என்று காட்டியது.

இனி செய்முறை. கல்லூரி முதலாண்டு வகுப்புக்கே பொருந்தும் அளவில் தருகிறோம். 20 மி.லி. கண்ணாடிக் குப்பிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் 12.5 மில்லிமோலார் ட்ரைசோடியம் சிட்ரேட் 2 மி.லி., 0.375 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 5 மி.லி., 50 மில்லிமோலார் பெராக்சைடு 5 மி.லி. பிறகு 1 மில்லிமோலார் பொட்டாசியம் புரோமைடு: முதல் குப்பியில் ஒன்றுமில்லை, அடுத்தவற்றில் 20, 25, 40 மைக்ரோலிட்டர். கடைசியாக, புதிதாகக் கரைத்த 5 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 2.5 மி.லி. ஒரே மூச்சில் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்துக் கலக்க வேண்டும். ஹைட்ரஜன் வெளியேறும், இறுக்கி மூடினால் மூடி தெறிக்கும்.

கரைசல்கள் தயாரிக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். 0.375 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 100 மி.லி.க்கு 6.4 மி.கி. வேண்டும், சாதாரணத் தராசில் அதை நம்பி எடுக்க முடியாது. 170 மி.கி.யை 100 மி.லி.யில் கரைத்து 10 மில்லிமோலார் ஆக்கி, அதில் 3.75 மி.லி. எடுத்து 100 மி.லி.க்கு நீர்க்கச் செய்யுங்கள். புரோமைடும் அப்படியே: 119 மி.கி. 100 மி.லி.யில், பிறகு பத்து மடங்கு நீர்ப்பு. சிட்ரேட், டைஹைட்ரேட் வகை என்றால், 100 மி.லி.க்கு 368 மி.கி. 30 சதவீதப் பெராக்சைடு ஏறத்தாழ 9.8 மோலார், 100 மி.லி.க்கு அரை மி.லி. போதும். மருந்துக்கடைப் பெராக்சைடு வேண்டாம். அது கெடாமலிருக்கச் சேர்த்திருக்கும் நிலைநிறுத்திகள் வெள்ளியின் மேல் போய் ஒட்டும். 30 சதவீதக் குப்பியைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தோல் வெளுத்து எரியும்.

போரோஹைட்ரைடு 100 மி.லி.க்கு 19 மி.கி. ஐஸ் குளிர்ச்சியுள்ள நீரில் கரைக்கச் சொல்வது சம்பிரதாயம் இல்லை. தண்ணீரில் விழுந்த கணமே அது சிதையத் தொடங்குகிறது. காரத்தன்மை 10 பி.எச். உள்ள நீரில் 25 டிகிரியில் பாதி போக ஏறத்தாழ ஒரு மணி நேரம். மே மாதத்து ஆய்வகத்தின் 32 டிகிரியில் அரை மணியை ஒட்டித்தான். பி.எச். 9 என்றால் ஆறேழு நிமிடமே. காலையில் கரைத்து மதிய வகுப்புக்கு வைத்திருந்ததில் வெறும் போரேட் உப்புதான் இருக்கும். பாட்டிலுக்குள் பொடி கட்டிதட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஈரம் குடித்த பொடி தராசில் சரியாக நிற்கும், வேலையில் நிற்காது.

எல்லாம் சரியாக இருந்தால் ஊற்றியதும் வெளிர் மஞ்சள். நுண்குமிழிகள் எழும். சில நிமிடங்களில் மஞ்சள் அடர்ந்து, முதல் குப்பி ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று வேகமாக ஓடி நீலத்தில் நிற்கும். இந்த ஓட்டத்தின்போது வெள்ளைத் தாளைக் குப்பிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கண் எடுக்காமல் பாருங்கள். ஆரஞ்சிலிருந்து ஊதா வரை போகிற பகுதி சட்டென்று முடிந்துவிடும். புரோமைடு உள்ள குப்பிகள் வழியிலேயே நின்றுவிடும்: நடுவில் உள்ளவை ஊதாவிலும் ஆரஞ்சிலும், 40 மைக்ரோலிட்டர் குப்பி மஞ்சளிலும். மஞ்சளில் நின்ற அந்தக் குப்பியில் 47 வெள்ளி அணுவுக்கு ஒரு புரோமைடு அயனிதான் இருக்கிறது. முழு வண்ணமும் மாற அவ்வளவே போதுமாயிருக்கிறது.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு வாருங்கள். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். அது 7 மில்லிமோலார். நம் குப்பியில் வெள்ளி 0.13 மில்லிமோலார்தான்; அதாவது குழாய்நீரில் வெள்ளியைப் போல் ஐம்பது மடங்கு குளோரைடு. ஆர்.ஓ. அதைக் குறைக்கும், ஆனால் லிட்டருக்கு 10 மி.கி. மிஞ்சினாலே வெள்ளியைப் போல் இரு மடங்கு. வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காக டி.டி.எஸ். கன்ட்ரோலர் வைத்துச் சுத்திகரிக்காத நீரையும் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். புரோமைடு அளவுக்குக் குளோரைடு கடுமையானதில்லை என்றாலும் இந்த விகிதத்தில் முக்கோணம் உருவாகாது. பேட்டரி தண்ணீரும் கடைக்குக் கடை வேறு. கண்ணாடிக் குடுவையில் இருமுறை காய்ச்சி வடித்த நீர், கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோசீமென்ஸுக்குள் இருந்தால் எடுங்கள். சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பால்போல் ஆகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை இதற்கு நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அளவே கெடுக்கப் போதும்.

தண்ணீர் சுத்தமாக இருந்தும் குளோரைடு வேறு வழிகளில் நுழையும். குடுவையை ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவுவது பல ஆய்வகங்களின் பழக்கம். தங்கத்துக்கு அது சரி. வெள்ளி படிந்த குடுவையில் ஊற்றினால் சில்வர் குளோரைடு வெண்படலமாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை அலசினாலும் போகாது. அடுத்த தயாரிப்புக்கு அதுவே உப்பு மூட்டை. வெள்ளிக் குடுவைக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம்தான். ஏற்கெனவே படலம் விழுந்திருந்தால் ஹைப்போவில் ஊறவைத்துக் கரைத்துவிட்டுப் பல முறை அலசுங்கள். அடுத்தது பி.எச். மீட்டர். அதன் கண்ணாடி எலெக்ட்ரோடுக்குள் இருப்பது அடர் பொட்டாசியம் குளோரைடு. நுனியிலிருந்து அது கசிந்துகொண்டே இருக்கும். நீலக் கரைசலில் முக்கிப் பி.எச். பார்த்தால் அளவு கிடைக்கும், நீலம் போய்விடும். பார்க்க வேண்டுமென்றால் சிறு பங்கைத் தனியே ஊற்றிப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். வெறும் விரலால் குப்பியின் வாயை மூடிக் குலுக்குவதும் வேண்டாம், வியர்வையும் உப்புதான்.

ஸ்டிரரில் போடும் காந்தக் குச்சியின் கீறல்களில் பழைய வெள்ளி ஒட்டியிருந்தால் புது வெள்ளி அதில்தான் போய்ப் படியும். கீறல் விழுந்த குச்சியை இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

தோல்வியை நிறமே சொல்லிவிடும். மஞ்சளிலேயே நின்றால் குளோரைடு புகுந்திருக்கலாம், அல்லது பெராக்சைடு பழசாகி வலு குன்றியிருக்கலாம். மஞ்சள் வந்து, பிறகு நிறமே இல்லாமல் தெளிந்தால் போரோஹைட்ரைடு போதவில்லை. எட்சிங் ஜெயித்து எல்லாம் கரைந்துவிட்டது. சாம்பலாகி அடியில் கறுப்பு தங்கினால் சிட்ரேட் குறைவு அல்லது போரோஹைட்ரைடு அதிகம்: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நேற்று நல்ல நீலம், இன்று காலை ஊதா என்றால், அது மெதுவாக நடக்கிற அதே முனை அரிப்பு. இருட்டில், பிரிட்ஜில், சிட்ரேட் சற்றுக் கூடுதலாக வைத்துக் காத்தால் தாமதமாகும். நீண்ட நாள் வேண்டுவோர் தகட்டின் ஓரத்தில் மட்டும் மெல்லிய தங்கப் பூச்சு ஏற்றுகிறார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரிக் குழு 2009இல் அப்படிச் செய்த தகடுகள் குளோரைடு கலந்த நீரிலும் முனை மழுங்காமல் நின்றன.

கட்டுரையில் இன்னொரு குழப்பமும் இருந்தது. புரோமைடை முன்னால் சேர்ப்பதும் பின்னால் சேர்ப்பதும் ஒன்றெனச் சொல்லியிருந்தது. மேலே சொன்ன நான்கு குப்பிச் சோதனையில் புரோமைடு முதலிலேயே இருப்பதால் தகடுகளின் வளர்ச்சி தடைபட்டுச் சிறிய தகடுகள் வருகின்றன. அது வளர்ச்சிக் கட்டுப்பாடு. முழுதாக வளர்ந்த நீலத்தில் பிற்பாடு புரோமைடைச் சொட்டினால்தான் முனை செதுக்கும் எட்சிங். இதைச் செய்து பார்க்க: புரோமைடு சேர்க்காத முதல் குப்பியின் நீலக் கரைசலைத் தளர்வாக மூடி ஒரு இரவு வைத்து, மீந்த பெராக்சைடு சிதைய விடுங்கள். வெள்ளியே அதைச் சிதைக்க வினையூக்கியாக இருக்கிறது. மறுநாள் 3 மி.லி. எடுத்து, 1 மில்லிமோலார் புரோமைடை 10 மைக்ரோலிட்டராகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் பொறுத்து நிறமாலை (எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குகிறது என்ற வரைபடம்) எடுங்கள். எத்தனை சொட்டில் சிவக்கும் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். உங்கள் நோட்டில் உள்ள எண்ணே உங்களுக்கு. புரோமைடுக்குப் பதில் சாப்பாட்டு உப்பு என்றால் கரைசலைப் பத்து மடங்கு அடர்த்தியாக வைத்துத் தொடங்குங்கள். அதிலும் அயோடின் சேர்த்த உப்பு வேண்டாம், ஆய்வகச் சோடியம் குளோரைடு எடுங்கள். அயோடைடை முதல் முயற்சியில் தொடாதீர்கள். அது செதுக்குவதோடு நிற்காமல் தகடுகளை ஒன்றோடொன்று கோத்துவிடும்.

இங்கே நிறமாலையில் கவனிக்க வேண்டியது பெரிய உச்சத்தை அல்ல. 335 நானோமீட்டர் பக்கம் ஒரு சிறு மேடு இருக்கும். பலர் அதை இரைச்சல் என்று தள்ளிவிடுவார்கள். அது தகட்டின் தடிமன் திசையில் எழும் எலெக்ட்ரான் அதிர்வு; தட்டையான துகள் இருக்கும்வரை அந்த மேடு இருக்கும். பெரிய உச்சம் 670இலிருந்து 480க்கு இறங்கியும் 335 மேடு அசையாமல் இருந்தால் முக்கோணம் வட்டத் தகடாகியிருக்கிறது. 335 மறைந்து 400இல் புது உச்சம் எழுந்தால் தகடே உருண்டுவிட்டது. இரண்டும் கண்ணுக்கு மஞ்சள்-ஆரஞ்சாகவே தெரியக்கூடும். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பக் காசில்லாத கல்லூரிக்கு இந்தச் சிறு மேடுதான் நுண்ணோக்கி. நிறமாலையை 300இலிருந்து எடுக்காமல் 350இலிருந்து எடுப்பவர்கள் இதை இழக்கிறார்கள். கரைசலை ஊற்றி அளக்கும் பிளாஸ்டிக் குவெட் சிலவும் அந்தப் பக்கத்தை மறைக்கும், குவார்ட்ஸ் பயன்படுத்துங்கள்.

முக்கோணம் தாண்டியும் இதே கத்தி வேலை செய்கிறது. 2004இல் யூனான் சியா குழு, எத்திலீன் கிளைக்காலைச் சூடாக்கி வெள்ளித் துகள் செய்யும்போது துளி குளோரைடைக் காற்றோடு சேர விட்டது. கரைசல் மஞ்சளாகி, நிறம் வெளுத்து, பல மணி நேரம் கழித்து மீண்டும் மஞ்சளானது. இடையில் பிசகுள்ள இரட்டைப் படிக வித்துகளெல்லாம் கரைந்து, ஒற்றைப் படிகங்கள் மட்டும் கனசதுரமாகவும் நான்முகியாகவும் வளர்ந்தன. அங்கே பிசகுள்ளது சாகிறது, நம் குப்பியில் பிசகுள்ள தகடு பிழைக்கிறதே என்று கேட்கலாம். அங்கே 111 முகத்துக்கு சிட்ரேட் காவல் இல்லை. 2010இல் பெர்க்லியில் பெய்டாங் யாங் குழு, வளர்ந்து முடிந்த பல்முகத் துகள்களையே அம்மோனியா-பெராக்சைடு கலவையில் அரித்து, பி.வி.பி. காவலின் துணையோடு உட்குழிந்த வடிவங்களை எடுத்தது.

அந்த அம்மோனியா முறையை மாணவர்கள் மேற்பார்வையின்றிச் செய்யக் கூடாது என்று உங்கள் பக்கத்தில் தனியே அச்சிட வேண்டும். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை நாள்கணக்கில் வைத்தால், குறிப்பாக ஓரத்தில் உலர்ந்தால், வெடிக்கும் கறுப்புப் படிவு உண்டாகும். தொட்டாலே வெடிக்கக் கூடியது. வேலை முடிந்த கையோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு வெள்ளியைக் குளோரைடாக்கி அடக்கிவிட வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்பது இதில் மட்டும் கூடாது.

வேப்பிலை, துளசி, நொச்சிச் சாற்றில் வெள்ளி நானோ துகள் என்று புராஜெக்ட்டுகள் குவிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் தவறில்லை, செலவும் குறைவு. ஆனால் சாற்றுக்குள் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்பது இலைக்கு இலை, மழைக்கு மழை மாறும். குளோரைடும் அதில் உண்டு. வருவது பெரும்பாலும் பழுப்பு மஞ்சள், கோளங்கள். உருவத்தைக் கட்டுப்படுத்தினோம் என்று அந்த அறிக்கையில் எழுத வேண்டுமானால், குறைந்தது குளோரைடு அளவையாவது எடுத்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கடைசியாகக் கழிவு. ஒரு குப்பியில் இருக்கும் வெள்ளி 0.2 மி.கி.; ஒரு கிராம் வெள்ளியில் ஐயாயிரம் குப்பி நீலம் செய்யலாம். அளவு சிறிதென்று தொட்டியில் ஊற்றாதீர்கள். வெள்ளி அயனி மீனுக்கும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிருக்கும் நஞ்சு. ஒரு பெரிய பழுப்பு பாட்டில் வைத்து எல்லாக் குப்பியையும் அதில் ஊற்றி, நைட்ரிக் அமிலம் சிறிது விட்டுத் துகள்களைக் கரைத்த பின் உப்பு போட்டால் வெண்படிவாக இறங்கும். வெளிச்சம் பட்டால் அது ஊதா கலந்து கறுக்கும், பயப்பட வேண்டாம். வடித்து உலர்த்திச் சேர்த்து வைத்தால் வருட முடிவில் மீட்டெடுக்கலாம்.

நிறம், பெராக்சைடு, தண்ணீர் பற்றிய வரிகளையாவது அடுத்த மாணவர் பக்கத்தில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி வேதியியல் ஆய்வகப் பொறுப்பில் உள்ள வாசகர்கள் இருவர்